தொடைப்புறத்து நரம்பின் வரலாறு

தொடையின் வெளிப்புறத்தே உள்ளங்கை அகலத்திற்குத் தோல் மரத்துப் போகிறது. ஒரு வேளை எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. மற்றொரு வேளை தணல் பட்டாற்போல் எரிகிறது. உடுத்திய துணி உராய்ந்தாலும் பொறுக்க முடிவதில்லை. நெடுநேரம் நின்றால் துன்பம் மிகுகிறது, அமர்ந்தால் தணிகிறது. ஆயினும் கால் செவ்வனே நடக்கிறது. முழங்கால் மடங்கி நிமிர்கிறது. தோலை உற்றுப் பார்த்தாலோ புண் இல்லை, வீக்கம் இல்லை, நிறமாற்றமும் இல்லை. இத்துன்பத்தை ஒருவர் பிறரிடம் எடுத்துரைத்தால் அவருக்குக் கிடைக்கும் விடை யாது? 'வாயு' என்பார் ஒருவர். 'வீண் பிரமை' என்பார் மற்றொருவர். நோயாளரோ, பக்கவாதத்திற்கு இது முன்னறிகுறியோ, அன்றித் தொழுநோய்தானோ என்று வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளூர அஞ்சிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்குப் புலனாகாத இந்த நோவு உண்மையானதே என்றும், அதற்கு இன்ன இடத்தில் இன்ன காரணம் உண்டு என்றும் மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வாறு ஒப்புக்கொள்ளச் செய்தது தொடையின் புறத்தே ஓடும் ஒரு மெல்லிய தோல்நரம்பு. அதன் வரலாற்றையே நாம் ஈண்டு காணப் புகுகிறோம்.

முதற்கண் அந்நரம்பு செல்லும் வழியை அறிந்துகொள்வோம். இடுப்புப் பகுதியில் முதுகந்தண்டின் இரண்டாம், மூன்றாம் நரம்புகளிலிருந்து அது கிளைக்கிறது. முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் சோவாஸ் என்னும் பெருந்தசையின் வெளிவிளிம்பில் தலைகாட்டி, இடுப்பெலும்பின் உட்குழிவைச் சாய்வாகக் கடந்து முன்னோக்கி வருகிறது. நம் இடுப்பின் முன்பக்கத்தில், கையால் தடவினால் முனைப்பாகத் தட்டுப்படும் எலும்பு முனை ஒன்று உண்டு. அம்முனையிலிருந்து தொடையிடுக்கின் ஊடே நடுக்கீழாக வலியதொரு நார்ப்பட்டை இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நமது நரம்பு எலும்பு முனைக்குச் சற்று உட்புறமாக, அந்நார்ப்பட்டையின் அடியில் நுழைந்து தொடைக்கு இறங்குகிறது. வயிற்றுக்குள் ஏறத்தாழக் கிடையாக வந்த நரம்பு இங்கே செங்குத்தாகத் திரும்பவேண்டியிருக்கிறது. குறுகிய வாயில், கூரிய திருப்பம், மேலே இழுத்துக் கட்டிய பட்டை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதே இந்நரம்பின் வினைப்பயன் எனலாம். வாயிலைக் கடந்தபின் சார்ட்டோரியஸ் என்னும் தசையின் மேலாகவோ ஊடாகவோ சென்று, முன் பின் என இரு கிளைகளாகப் பிரிந்து, முழங்கால் வரையிலுள்ள தொடைப்புறத் தோலில் பரவி மறைகிறது. அத்தசையின் பெயருக்கு இலத்தீன் மொழியில் தையற்காரன் தசை என்பது பொருள். சம்மணமிட்டுத் தைக்கும் தையற்காரரின் இருக்கை நிலையை நினைத்து இட்ட பெயர் அது.

இந்நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை. தொடுகை, வெப்பம், தட்பம், வலி ஆகியவற்றைத் தோலிலிருந்து வாங்கி மேலே அனுப்புவது ஒன்றே அதன் தொழில். ஆதலின் அது நசுங்கினால் கால் தளராது. உணர்ச்சி மட்டுமே திரியும். உணர்ச்சி வேறு, இயக்கம் வேறு என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் அது எளிதில் கிடைத்த அறிவன்று.

நரம்பு என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாழின் தந்திக்கும் நரம்பு என்பது பெயர். உடலில் முறுக்கேறித் தெரியும் நாணுக்கும் குழாய்க்கும்கூடப் பேச்சு வழக்கில் அதுவே பெயர். கிரேக்கரின் நிலையும் இதுதான். அவர்கள் வழங்கிய நியூரோன் என்னும் சொல் தசைநாணையும் வில்லின் நாணையும் ஒருங்கே குறித்தது. வெண்மையாய் நீண்டு கிடந்த அனைத்தும் அவர்கள் கண்ணுக்கு ஒரே இனமாகத் தோன்றின. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் உடல்களைப் பகுத்து ஆராய்ந்த ஹெரோபிலசும் எராசிஸ்திராத்தசுமே நரம்பைத் தசைநாணிலிருந்து வேறாகப் பிரித்துக் கண்டு, உணர்வுக்குரியன சில, இயக்கத்திற்குரியன சில என்றும் வகுத்தனர்.

அவர்களுக்கு நானூறு ஆண்டுகள் பிற்பட்டு உரோமாபுரியில் வாழ்ந்த காலென் என்னும் பேரறிஞர் ஒரு நோயாளரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பௌசானியஸ் என்னும் பெயருடைய அவர் சிரியா நாட்டவர், சொற்கலை வல்லவர். அவருடைய ஒரு கையின் சிறுவிரல், அணிவிரல், நடுவிரலின் ஒரு பாதி ஆகியவை உணர்ச்சியிழந்தன. மருத்துவர்கள் விரல்களுக்கு மருந்து பூசிக்கொண்டே இருந்தனர், பயன் இல்லை. காலென் விரலை விட்டுவிட்டு, அண்மையில் எங்கேனும் அடிபட்டதுண்டோ என்று வினவினார். தேரிலிருந்து விழுந்து மேல்முதுகு கல்லில் மோதியதை நோயாளர் நினைவுகூர்ந்தார். காலென் மருந்தை முதுகந்தண்டின்மீது இடுவித்தார். விரல்கள் உணர்வு பெற்றன. நோவு தோன்றும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் மற்றொன்று என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் கதை பழைய மருத்துவ நூல்களில் வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை. அணிவிரல் வரை மரத்தது, நடுவிரலில் பாதி தப்பியது என்று நோயாளர் சொன்ன எல்லைக்கோட்டைக் காலென் நம்பினார் என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டுச் சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதை உடலில் 107 மருமங்களைக் கூறுகிறது. அவற்றுள் சில தொடையில் அமைந்தவை. ஓசை, ஊறு, சுவை, மணம் முதலியவற்றைத் தாங்கிச் செல்லும் தமனிகள் உண்டென்றும் அந்நூல் உரைக்கிறது. புலனுணர்வு தனி வழிகளில் செல்கிறது என்னும் எண்ணம் அதில் தெளிவாகவே காணப்படுகிறது. உடலைப் புல்லால் சுற்றிக் கூட்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு நாள் கிடத்தி, ஊறிய பின் மெல்லத் தேய்த்துப் படலம் படலமாகக் காண்பது அந்நூல் விதித்த முறை. கத்தி படாத அம்முறையில் எலும்பும் மூட்டும் நாணும் நன்கு தெரிந்திருக்கும். ஆனால் தோலடிக் கொழுப்பில் பதிந்து கிடக்கும் மெல்லிய நரம்புகள் தோலோடு சேர்ந்தே தேய்ந்து போயிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

பின்வந்த நூற்றாண்டுகளை நாம் விரைந்து கடந்து செல்லலாம். 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் தம் பெருநூலின் நான்காம் பகுதியை நரம்புகளுக்கென்றே ஒதுக்கினார். தொடையிடுக்கின் நார்ப்பட்டையை இத்தாலியரான பலோப்பியோவும், அவருக்குப் பின்னர்ப் பிரெஞ்சுக்காரரான பூப்பாரும் விளக்கினர். பூப்பாரின் பெயரே அதற்கு நெடுங்காலம் வழங்கிற்று. உணர்வையும் இயக்கத்தையும் பற்றிய பழைய வழக்குக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் தீர்ப்புக் கிடைத்தது. 1811இல் இலண்டன் நகரத்துச் சார்லசு பெல் முதுகந்தண்டு நரம்பின் முன்வேரைத் தொட்டால் தசை துடிப்பதைக் கண்டார். 1822இல் பாரிசு நகரத்து மாஜந்தி, முன்வேர் இயக்கத்திற்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியவை என்று நாய்க்குட்டிகளைக் கொண்டு நிறுவினார். முதலில் கண்டவர் எவர் என்று இரு நாட்டாரும் நெடுநாள் பூசலிட்டனர். அச்சோதனைக்கு இரையான விலங்குகள் பட்ட வேதனை அக்காலத்திலேயே பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று என்பதையும் மறத்தல் ஆகாது.

இனி நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைக் காண்போம். 1858ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் வெளிவந்தது. உலகெங்கும் மருத்துவ மாணாக்கர் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயின்றுவரும் நூல் அது. அதன் முதற்பதிப்பில் இருந்த 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்னும் இளைஞர். உறுப்பின் பெயரைத் தனியே ஓர் ஓரத்தில் எழுதாமல், படத்தில் அவ்வுறுப்பின் மேலேயே எழுதியது அவர் கையாண்ட முறை. நரம்பின் பெயர் அந்நரம்பின் போக்கிலேயே வளைந்து ஓடும். படிப்பவன் கண் படத்தை விட்டு விலக வேண்டியதில்லை. நூலாசிரியர் கிரே 1861இல், 34ஆம் வயதில், பெரியம்மைக்கு இரையானார். கார்ட்டரோ, நூல் அச்சேறி வருமுன்பே கப்பலேறி 1858இல் பம்பாய் வந்து சேர்ந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில் பணிபுரிந்த அவர் பெயரை, அவர் படங்களைப் பார்த்தவருள் மிகச் சிலரே அறிவர்.

அந்நூல் தமிழுக்கும் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே புகட்ட வேண்டும் என்று உறுதிகொண்டு, ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தம் மாணவர் துணையோடு மொழிபெயர்த்தார். கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயருடன் வெளியாயிற்று. நரம்புகளுக்கும் தசைகளுக்கும் தமிழ் மாணவன் வாயில் நுழையும் பெயர்களைத் தேடி உழைத்த அம்முயற்சி, கலைச்சொல் பற்றி இன்று நாம் நடத்தும் வாதங்களுக்கு எல்லாம் ஒரு நூற்றாண்டிற்கும் முற்பட்டது.

இவ்வாறு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நமது நரம்பு படத்தில் இடம் பெற்றுவிட்டது. ஆனால் அந்நரம்பு நோயுற்றால் என்ன நேரும் என்பதை எவரும் எழுதவில்லை. வழி தெரிந்தது, வழியில் நேரும் இடர் தெரியவில்லை. நோயாளர் இல்லாமையா காரணம்? அன்று. தொடை மரத்தவர்கள் எக்காலத்தும் இருந்திருப்பர். அவர்கள் கூற்றைப் படத்தோடு வைத்துப் பார்க்கும் வழக்கமே அப்போதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. 1875இல் ஏர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் முழங்காலில் தட்டிப் பார்க்கும் சோதனையை ஒருவரையொருவர் அறியாமலே வெளியிட்டனர். தட்டினால் கால் துள்ளுமாயின் தொடையின் பெருநரம்பு நலமாயுள்ளது என்று கொள்ளலாம். உணர்ச்சி திரிந்திருக்க, வலிமை குன்றாமலும் முழங்கால் துள்ளல் மாறாமலும் இருப்பின், குற்றம் தோல்நரம்பில்தான் என்று பிரித்தறிய இச்சோதனை பெரிதும் துணையாயிற்று.

1878இல் பெர்லின் மருத்துவர் மார்ட்டின் பெர்ன்ஹார்ட் இந்நோயை விவரித்தார். 1885இல் ஹேகர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் இதனை இந்நரம்போடு தொடர்புபடுத்தினார். 1895இல் பெர்ன்ஹார்ட் மீண்டும் விரிவாக எழுத, அதே ஆண்டில் மாஸ்கோ நகரத்து மருத்துவர் விளாதிமிர் ரோத்தும் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். இடைவாரை இறுக்கிக் கட்டிய குதிரைப்படை வீரரிடத்து ரோத் இந்நோயைக் கண்டார். எலும்பு முனைக்கு அருகில் வார் அழுத்தும் இடமும் நரம்பு நுழையும் இடமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை நாம் முன்னரே கண்டோம். நோய்க்கு மெரால்ஜியா பாரெஸ்தெட்டிக்கா என்று பெயரிட்டவரும் ரோத்தே. தொடைவலி, உணர்ச்சித் திரிபு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கோத்து அவர் ஆக்கிய பெயர் அது. ஒலி கடுமையாயினும் பொருள் எளியதே.

அதே 1895இல் வியன்னா நகரத்து நரம்பு மருத்துவர் ஒருவரும் இதுபற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் சிக்மண்ட் பிராய்டு. அவருக்கே தொடையில் இந்நோய் இருந்தது. தம்மையே நோயாளராக வைத்து அதனை ஆராய்ந்தார். இதில் நாம் வியக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1893இல், பிராய்டு வேறொரு கட்டுரையில், மனத்தினால் விளையும் மரமரப்பு உடற்கூற்றைப் பின்பற்றுவதில்லை என்று காட்டியிருந்தார். கால் என்று பாமரர் எதனை எண்ணுகின்றனரோ அந்த முழுப்பகுதியும் அங்கே மரத்துப்போகுமேயன்றி, நரம்பின் எல்லையில் நில்லாது என்பது அவர் கண்ட உண்மை. அவர் தொடையிலோ மரத்த இடம் நரம்பின் எல்லையைத் தவறாது பின்பற்றிற்று. மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் இடையே எந்தக் கோட்டை அவர் கீறினாரோ அதன் மறுபுறத்தில் அவரே நின்றார். பிற்காலத்தில் மனத்தின் ஆழங்களைப் பற்றி அவர் சொன்னவற்றுள் எவ்வளவு நிலைபெறும் என்ற வாதம் ஓயவில்லை. இச்சிறு கட்டுரையைப் பற்றி அத்தகைய வாதத்திற்கு இடமில்லை.

தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். 1903இல் இலண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட் தம் முன்கையின் தோல்நரம்பு ஒன்றை அறுத்துத் தைக்கச் செய்து, உணர்ச்சி எவ்வாறு திரும்புகிறது என்று நான்காண்டுகள் ஆராய்ந்தார். அதில் அவருக்குத் துணைநின்ற ரிவர்ஸ் என்பவர், அதற்கு முன்னரே நீலகிரிக்கு வந்து தோதவரிடையே தங்கி அவர்தம் வாழ்க்கையையும் புலனுணர்வுகளையும் ஆராய்ந்து சென்றவர். நோவை உணர்பவனே அதனைச் சொல்ல வல்லவன். பிறர் ஊசியும் பஞ்சும் கொண்டு அவன் சொல்லைச் சரிபார்க்கலாமே அன்றி வேறு செய்ய இயலாது.

நம் நாட்டைப் பொறுத்தமட்டில் இவ்வறிவின் பயன் பெரிது. உணர்ச்சியற்ற தோல் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழும் முதல் அச்சம் தொழுநோய். அவ்வச்சத்தால் மனைவியிடமும் சொல்லாது மறைத்தவரும், மருத்துவரை நாடாது காலம் கடத்தியவரும் எத்துணையோ பேர். இங்கே மீண்டும் கார்ட்டரைச் சந்திக்கிறோம். இலண்டனில் நரம்புகளை வரைந்த அதே கை, பம்பாயில் தொழுநோயாளரின் பழுதுற்ற நரம்புகளையும் ஆராய்ந்தது. 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்தார். கார்ட்டரும் அந்நாட்டுத் தொழுநோய் மருத்துவமனைகளை நேரிற் பார்த்து 1874இல் அறிக்கை எழுதினார். தொழுநோய் நரம்பைத் தாக்கும் நோய் என்னும் அறிவு அவ்வாறு வலுப்பெற்றது.

ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது. தொழுநோயில் பெரும்பாலும் தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றும். அதனுள் உணர்ச்சி குன்றியிருக்கும். அருகிலுள்ள நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்படுவதும் உண்டு. தொடைப்புற நரம்பு நசுங்கியதால் வரும் மரமரப்பில் தோலின் நிறம் இயல்பாகவே இருக்கும்; எல்லையும் அந்நரம்பு பரவும் இடத்தோடு நின்றுவிடும். இடுப்பின் எலும்பு முனைக்கு அருகில் அழுத்தினால் எரிவு தொடைக்குப் பாய்வதும் உண்டு. எனினும் இதனை நாமே தீர்மானித்துக்கொள்வது தகாது. மருத்துவர் பார்த்தே துணிய வேண்டும். தொழுநோயே ஆயினும் அஞ்சுதற்கு இடமில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து வழங்கும் கூட்டு மருந்து முறையால் அது முற்றும் குணமாகக் கூடியது, மறைப்பதனால்தான் கேடு.

குதிரைப்படை மறைந்தது, நோய் மறையவில்லை. கனத்த இடைவார் பூண்ட காவலர், இறுகிய கால்சட்டை அணியும் இளைஞர், வயிறு பருத்தவர், நிறைசூலியர், நீரிழிவு நோயாளர் ஆகியோரிடத்து இன்று இதனை மருத்துவர்கள் காண்கின்றனர். நெதர்லாந்தில் எடுத்த ஒரு கணக்கு, ஓராண்டில் பதினாயிரம் பேருக்கு 4 பேர் அளவில் இது புதிதாகத் தோன்றுவதாகக் காட்டிற்று. பெரும்பாலோர்க்கு இறுக்கத்தைத் தளர்த்துவதும் உடல் எடையைக் குறைப்பதுமே போதுமானவை. சில திங்களில் தணிந்துவிடும். தணியாதவர்க்கு நரம்பின் அருகில் ஊசி மருந்து இடுவர். நார்ப்பட்டையைத் தளர்த்துவதோ நரம்பையே அறுப்பதோ மிக அரிதாக மேற்கொள்ளும் கடைசி வழிகள். நோவு நீங்க வேண்டி உணர்வையே இழப்பது அறுவையின் விலை.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. நூற்படத்தில் கண்டவாறே இந்நரம்பு எல்லாரிடத்தும் செல்வதில்லை. 1997இல் ஆஸ்மான் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 52 உடல்களை ஆராய்ந்து, நரம்பு தொடைக்குள் இறங்கும் வழி ஐந்து வகைப்படும் என்று கண்டனர். சிலரிடத்து அது எலும்பு முனைக்கு உட்புறமாக நுழையாமல், வெளிப்புறமாக எலும்பின் விளிம்பின் மேலேயே ஏறிக் கடந்து செல்கிறது. இது அறுவை மருத்துவர்க்கு இன்றியமையாத செய்தி. இடுப்பு மூட்டை முன்புறமாகத் திறந்து மாற்றும்போதும், ஒட்டுவதற்காக இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுக்கும்போதும் கத்தி செல்லும் இடம் இதுவே. முதுகுத்தண்டு அறுவைக்காக நோயாளரைக் குப்புறக் கிடத்தினால் அடியில் வைத்த திண்டும் இவ்விடத்தையே அழுத்துகிறது. பெரிய அறுவை செம்மையாக நிறைவேறி, எலும்பு நன்கு பொருந்தி, நோயாளர் எழுந்து நடக்கும்போது, தொடையின் வெளிப்புறம் மரத்திருக்கிறதே என்று வினவுவதுண்டு. அந்த வினாவை எதிர்நோக்கி, அறுவைக்கு முன்னரே நோயாளரை அமர்த்தி, தொடைமேல் விரலால் எல்லை காட்டி, இவ்வளவு இடம் சில காலம் மரத்திருக்கக் கூடும் என்று சொல்லிவைக்கும் மருத்துவர்கள் இன்று உளர்.